ஐந்தாம் மாடியில் கோத்தா கினபாலு மழை

2019ஆம் ஆண்டு மார்ச் பன்னிரண்டாம் தேதி, செவ்வாய்க்கிழமை, மாலை நாலு மணி பதினைந்து நிமிடத்துக்கு, ஜெலுத்தோங்கில் ஓர் ஐந்து மாடிக் குடியிருப்பின் மேல்தளத்தில், ஜெயராஜ் வீட்டு ஹாலில் கோத்தா கினபாலுவின் மழை பெய்தது. வெளியே பினாங்கில் அன்று நல்ல வெயில். மழை இருபத்திரண்டு நிமிடம் நீடித்தது. சோபா நனைந்தது, அன்றைய பத்திரிகை நனைந்தது, சுவரில் மாட்டியிருந்த நாள்காட்டியில் மார்ச் முழுவதும் ஊதிப்போனது. துளிகள் கூரையிலிருந்து ஒழுகவில்லை. கூரைக்கு ஒரு முழம் கீழே, தொலைக்காட்சிக்கு முன்னால், வெறும் காற்றில் தோன்றி விழுந்தன. அது கோத்தா கினபாலுவின் மழைதான் என்பதில் சந்தேகம் இல்லை. திரையில், கடலுக்கு அப்பால் சபா மாநிலத்தின் அந்த ஊரில் நின்றுகொண்டிருந்த பெண் சிவப்புக் குடையை விரித்த அதே வினாடியில் மழை தொடங்கியது. அவள் குடையை மடக்கியபோது நின்றது.

ஜெயராஜுக்கு அப்போது ஐம்பத்திரண்டு வயது. மாக் மண்டினில் ஒரு தகர டப்பா தொழிற்சாலையில் இயந்திரங்களைப் பழுது பார்க்கும் வேலை. காலை ஷிப்ட் முடிந்து மோட்டார் சைக்கிளோடு ஃபெர்ரி ஏறி நாலு மணிக்கெல்லாம் வீட்டுக்கு வந்துவிடுவார். ஹாலில் மழை பெய்ததைக் கண்டு அவர் பயப்படவில்லை, வெட்கப்பட்டார். மொட்டை மாடியில் எட்டடி அகல டிஷ் வைத்திருப்பவருக்கு கேபிளுக்குள் தண்ணீர் இறங்குவது பெரிய அவமானம். வெளியே இணைப்பைச் சரியாகச் சுற்றாவிட்டால் கேபிளின் உள்பின்னல் வழியாகத் தண்ணீர் ஊர்ந்து ரிசீவர் வரைக்கும் வந்துவிடும். டிஷ் வைத்து வானலைகளைத் துழாவும் அந்தப் பொழுதுபோக்கில் இருக்கும் எல்லோருக்கும் இது தெரியும். அவர் அன்றே மாடிக்கு ஏறி, பழைய முனைகளை வெட்டி, புதியவை பொருத்தி, ரப்பர் டேப் மூன்று சுற்று சுற்றி, தண்ணீர் சொட்டி விழட்டும் என்று கேபிளை ஒரு வளையமாகத் தொங்கவிட்டார். இரண்டு மாலை ஆயிற்று. அடுத்த வாரம் ஹாலில் சண்டக்கானின் மழை பெய்தது.

திரையில் நின்ற பெண் அவருடைய மகள் சுபாஷினி. கோலாலம்பூரில் ஒரு செய்தி நிறுவனத்தின் நிருபர். அவளை ஜெயராஜ் பார்த்தது செய்தியில் அல்ல, செய்திக்கு முந்திய படத்தில். நிருபரோடு போகும் வண்டி, களத்தில் எடுக்கும் படத்தைச் செயற்கைக்கோளுக்கு அனுப்புகிறது. நிலையம் அதை இறக்கி, தலைப்பும் பெயரும் ஒட்டி, வேண்டிய ஒன்றரை நிமிடத்தை மட்டும் ஊருக்குக் காட்டுகிறது. மேலே போய்க் கீழே வரும் அந்த வெறும் படத்துக்கு ஃபீட் என்று பெயர். சரியான திசையில் டிஷ்ஷைத் திருப்பி, சரியான அலைவரிசையைப் போட்டால் பினாங்கு மொட்டை மாடியிலும் அது விழும். ஐந்து மணிச் செய்திக்கு நாலு பத்துக்கே வண்டி படத்தை ஏற்றிவிடும். நிருபர் நாற்பது நிமிடம் சும்மா நிற்பார். தன்னை யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து மூக்கைச் சொறிவார், ஷூவைக் கழற்றிக் காலைத் தேய்ப்பார், வாழைப்பழம் தின்பார்.

அப்பாவும் மகளும் பேசிக்கொள்வதில்லை. 2018 ஜூலையில், பாயான் லெப்பாஸில் அவர் யார் யாரையோ பிடித்து வாங்கிக்கொடுத்த தொழிற்சாலை வேலையை மூன்றாவது மாதமே விட்டுவிட்டு, டிவியில் சேரப் போகிறேன் என்றாள். அது ஓர் உறவினர் வீட்டு நிச்சயதார்த்த விருந்து. இருபது பேர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். "உன் மூஞ்சிய டிவில எவன் பார்ப்பான்?" என்று அவர் கேட்டார். சிலர் சிரித்தார்கள். அவள் கையைக் கழுவிக்கொண்டு கோலாலம்பூர் பஸ் ஏறினாள். நாலு மாதம் கழித்து ஒரு சனிக்கிழமை, அலைவரிசைகளைச் சும்மா துழாவிக்கொண்டிருந்தபோது, சாத்து, டுவா, தீகா என்று மலாயில் எண்ணி மைக்கைச் சோதிக்கும் ஒரு முகம் திரையில் வந்து விழுந்தது. அதற்குப் பிறகு அந்த முகத்தை உலகத்தில் ஜெயராஜைவிட அதிக நேரம் பார்த்தவர் யாரும் இல்லை. இதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால், கேட்ட கேள்விக்குப் பதில் தெரிந்துவிடும்.

அவர் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருந்தார். அலைவரிசை, தொடங்கிய நேரம், முடிந்த நேரம், அதன் கீழே ஓரிரு வரி. "இடது கால் ஷூ கடிக்கிறது." "முதல் வாக்கியத்தை ஏழு தடவை சொல்லிப் பார்த்தாள். ஐந்தாவது நன்றாக இருந்தது. நேரலையில் ஏழாவதைச் சொன்னாள்." "இருமல், இரண்டாம் நாள்." இந்த வரிகளில் சில ஹாலைத் தாண்டி அடுப்படிக்கும் போயின. அவர் மனைவி குணவதி மகளோடு தினமும் ஃபோனில் பேசுகிறவள்.

"குணா, இருமலுக்கு வெந்நில உப்பு போட்டு கொப்பளிக்கச் சொல்லு."

"யாருக்கு இருமல்?"

"யாருக்கோ."

"யாருக்கோவுக்கு நான் எப்படிங்க ஃபோன் போடறது? நம்பர் இருக்கா?"

அவர் பத்திரிகையைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொள்வார். குணவதி அன்றிரவே மகளிடம் உப்புத் தண்ணீரைப் பற்றிச் சொல்வாள். "எப்படிம்மா கண்டுபிடிக்கிறே?" என்று சுபாஷினி வியப்பாள். பெற்ற வயிற்றுக்குத் தெரியும் என்று குணவதி சொல்லிவிடுவாள். ஷூ, இருமல், சரியாகச் சாப்பிடாமல் நின்றது என்று எல்லாப் பெருமையும் ஐந்து வருடம் அந்த வயிற்றுக்கே போய்ச் சேர்ந்தது.

மழையைத் தொடர்ந்து மற்றவையும் வந்தன. மிரிக்குப் பக்கத்தில் கரிமண் நிலம் எரிந்தபோது ஹாலில் புகை அடைத்து எதிர்ச்சுவர் தெரியவில்லை. கேமரன் மலையில் மண்சரிவு என்று அவள் நின்ற அன்று குணவதி சால்வை போர்த்திக்கொண்டு வெங்காயம் உரித்தாள். ஜெயராஜ் ஒழுங்கு தெரிந்தவர், எனவே மற்ற ஃபீட்களையும் சோதித்தார். ஒரு கால்பந்து மைதானம், ஒரு குதிரைப் பந்தயம், மணிலாவில் யாரோ ஒரு நிருபர் புயலில் நின்றது. மணிலாக்காரர் தொப்பி பறந்தது, ஹாலில் ஒரு இலைகூட அசையவில்லை. சுபாஷினி நின்றால் மட்டுமே வந்தது. ஏன் என்பதற்கு நோட்டில் இரண்டு பக்கம் காலியாக விட்டார். அவை காலியாகவே இருக்கின்றன. குணவதி சோபாவுக்குப் பிளாஸ்டிக் உறை தைத்தாள். பிளக்குகளைச் சுவரில் மேலே ஏற்றி வைக்கச் சொன்னாள். அதற்குமேல் அவளுக்கும் கேள்வி இல்லை.

கேள்வி வந்தது கீழ்வீட்டிலிருந்து. நாலாம் மாடியில் நாசி கண்டார் சோற்றுக் கடை வைத்திருக்கும் அப்துல் ஹமீது குடும்பம். அவர்கள் வீட்டுக் கூரையில் ஈரம் பூத்தது. மேல்வீட்டுத் தண்ணீர் கீழ்வீட்டில் ஒழுகுவது இந்த நாட்டு அடுக்குமாடிகளில் தினமும் நடக்கும் சண்டை. அதற்கென்று ஒரு படிவம் உண்டு. நிர்வாகக் குழு ஒரு பிளம்பரை அனுப்பியது. அவர் ஹாலுக்கு மேலே குழாய் எதுவும் போகவில்லை என்று கண்டு, கொஞ்ச நேரம் நின்று டிவியையும் மழையையும் பார்த்துவிட்டு, நனைந்துகொண்டே படிவத்தை நிரப்பினார். ஒழுகலின் காரணம் என்ற இடத்தில் குளியலறை, சமையலறை, மேல்தளத் தொட்டி என்று மூன்று பெட்டிகள் இருந்தன. அவர் நாலாவதாக இருந்த 'மற்றவை' என்பதில் சரி போட்டு, மழை, சபா என்று எழுதினார். ஹமீது அந்தப் படிவத்தை வாசித்துவிட்டு மேலே ஏறி வந்தார்.

"அண்ணே, நான் சண்ட போட வரல. பாப்பா எப்ப எங்க நிக்கிதுன்னு முன்கூட்டியே ஒரு வார்த்த சொன்னா, நான் பாய சுருட்டி வச்சிருவேன்லா."

"எனக்கு எப்படித் தெரியும் பாய்? நாங்க பேசறதில்ல."

"பேசாமயே இவ்ளோ தண்ணியா?" என்றார் ஹமீது.

பெருந்தொற்று வந்து எல்லோரும் வீட்டுக்குள் அடைந்து கிடந்த மாதங்களில், அந்தக் குடியிருப்பில் ஐந்தாம் மாடிக்கு மட்டும் ஊர் ஊராகக் காற்று வந்தது. ஹமீது வாசலுக்கு வெளியே இரண்டு மீட்டர் தள்ளி நாற்காலி போட்டு உட்கார்ந்து, குவாந்தான் கடற்காற்றை வாங்கிக்கொண்டு போவார்.

2021 ஜனவரியில் அந்த நிறுவனம் தன் ஃபீட்டுக்கு முதல் பூட்டைப் போட்டது. படம் கறுத்துப்போய், ரிசீவர் பதினாறு இலக்கச் சாவியைக் கேட்டது. அது பெரிய கஷ்டமாக இல்லை. வண்டியில் இருப்பவர்களுக்கும் நீளமான சாவி ஞாபகம் இருக்காது. ஒன்று இரண்டு மூன்று என்று வரிசையாகவோ, எல்லாம் ஒரே எண்ணாகவோ போடுவார்கள். கொம்தார் கட்டடத்தில் ஃபோன் பழுது பார்க்கும் கடை வைத்திருக்கும் அஸ்ஹர், 'வானம் பார்த்தவர்கள்' என்று ஒரு வாட்ஸ்அப் குழு நடத்தினான். நாற்பத்து மூன்று பேர். செபராங் ஜெயாவில் ஒரு வங்கிக்காரர், பட்டர்வொர்த்தில் ஒரு கிளினிக் உதவியாளர், ஈப்போவில் ஒரு பள்ளித் தலைமையாசிரியர். ஒருவர் சாவியைக் கண்டுபிடித்தால் நாற்பத்து மூன்று பேர் வீட்டிலும் படம் வரும். அவர்கள் அதை விற்றதில்லை. வேறு எவர் வீட்டுக்கும் இழுத்துக் கொடுத்ததும் இல்லை. வானத்திலிருந்து தன் வீட்டுக் கூரையில் விழுவதைப் பார்ப்பதில் என்ன தப்பு என்பது அவர்கள் கட்சி. தப்பு என்று சொல்பவர்களும் உண்டு, அவர்கள் சொல்வதிலும் நியாயம் இல்லாமல் இல்லை. பூட்டு மாறும் ஒவ்வொரு முறையும் ஜெயராஜ் டிவியை அணைத்துவிட்டு அஸ்ஹர் கடைக்குப் போவார். சாவி கிடைத்ததும் வந்து போடுவார். பூட்டிய படத்தை ஓடவிட்டு அதன் முன் உட்காரும் வழக்கம் அந்தக் கூட்டத்தில் யாருக்கும் கிடையாது. இந்த வழக்கத்தால் அவர்கள் எதையோ தவறவிட்டார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது.

2023 ஜூன் ஐந்தாம் தேதி கடைசிப் பூட்டு விழுந்தது. ஜெயராஜ் கொம்தாருக்குப் போனபோது அஸ்ஹர் கடையில் ஏற்கெனவே நாலு பேர் நின்றிருந்தார்கள்.

"முன்ன ஒரு பூட்டு, ஒரு சாவி," என்றான் அஸ்ஹர். "இப்ப பத்து வினாடிக்கு ஒரு சாவி. அதுவும் அவங்க ரிசீவர் காதுல மட்டும்தான் போய்ச் சொல்லுவாங்க. நம்ம பெட்டி கேட்டா பதிலே இல்ல. முடிஞ்சிருச்சு அண்ணே."

"வேற பெட்டி வாங்கினா?"

"எந்தப் பெட்டி வாங்கினாலும் அது அவங்க பெட்டி இல்லயே."

அந்த வருடக் கடைசிக்குள் குழுவில் பதினொரு பேர் மிஞ்சினார்கள். செபராங் ஜெயா வங்கிக்காரர் டிஷ்ஷைக் கவிழ்த்து மீன்தொட்டிக்கு மூடியாக்கினார். பட்டறை ஒன்றில் மோட்டார் சைக்கிள்களுக்கு நிழல் தருவது ஈப்போ தலைமையாசிரியருடைய டிஷ். வாட்ஸ்அப் குழுவில் அலைவரிசைகள் நின்று, காலை வணக்கமும் பூப் படங்களும் வரத் தொடங்கின. ஜெயராஜ் மட்டும் டிவியை அணைக்கவில்லை. நாலு பத்துக்குப் போட்டு, கறுப்புத் திரைக்கு முன்னால் ஐந்து மணி வரைக்கும் உட்கார்ந்திருந்தார்.

"கறுப்பு டிவில என்னங்க ஓடுது?" என்றாள் குணவதி.

"ஒன்னும் ஓடல."

"அப்ப நிறுத்துங்க. சும்மா கரண்டு."

"சிக்னல் வருது, பாரு." ரிசீவர் முகப்பில் பச்சைக் கோடு முழுசாக எரிந்துகொண்டிருந்தது. தரம் தொண்ணூற்றொன்று. மூடியிருந்தாலும் வந்துகொண்டுதான் இருக்கிறது என்று அவர் சொன்னார். குணவதி அன்றிலிருந்து கரண்டு பேச்சை எடுக்கவில்லை.

கடைசிப் பூட்டு விழுந்த பத்தொன்பதாம் நாள் நாலு இருபதுக்கு ஹாலில் காற்று வீசியது. கருவாட்டு வாசனை கலந்த கடற்காற்று. திரை கறுப்பாகத்தான் இருந்தது. ஜெயராஜ் எழுந்து நின்றார். அடுப்படியில் மகளோடு ஃபோனில் பேசிவிட்டு வந்த குணவதி, தானாகவே, "கோலா திரெங்கானுவில் நிக்கிறாளாம்," என்று யாருக்கோ சொல்வதுபோல் சொல்லிவிட்டுப் போனாள். மறுநாள் அஸ்ஹர் வந்து ஹாலில் நின்று, சட்டை படபடக்க ரிசீவரை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தான். பிறகு தன் தீர்ப்பைச் சொன்னான். "படத்தயும் சத்தத்தயும்தான் பூட்டியிருக்காங்க. காத்தப் பத்தி அவங்க சட்டப் புத்தகத்துல ஒரு வரிகூட இல்ல அண்ணே. எவனும் நெனச்சிருக்க மாட்டான்."

அப்படியாக ஒன்றரை வருடம் போனது. ஜெயராஜ் வாசனையையும் ஈரத்தையும் வைத்து ஊரைச் சொல்லக் கற்றுக்கொண்டார். டீசலும் மண்ணும் என்றால் நெடுஞ்சாலை விபத்து. ஏர்கான் குளிரும் தரைவிரிப்பு வாசனையும் என்றால் அமைச்சர் கூட்டம். ஆனால் அந்த நாற்பது நிமிட முகம் இல்லை. ஐந்து மணிச் செய்தியில் வரும் ஒன்றரை நிமிட முகம் பவுடர் பூசி நிமிர்ந்து நிற்கும் முகம். அவள் மெலிந்தாளா, இருமுகிறாளா, எதையும் நோட்டில் எழுத முடியவில்லை. அடுப்படிக்குப் போகும் வரிகள் நின்றன. ஒருநாள் அவருக்குச் சோறு போட்டுக்கொண்டே குணவதி சொன்னாள், "முன்ன மாதிரி இல்ல அம்மா நீ, என்னைப் பத்தி உனக்கு இப்ப ஒன்னுமே தெரியறதில்லன்னு சொல்றா." அவர் ரசத்தை ஊற்றச் சொன்னார். குணவதி ஊற்றவில்லை. "நம்பர் வேணுமா?" என்று கேட்டாள். அவர் வேண்டாம் என்று தலையாட்டினார். ஃபோன் போட்டால் முதலில் என்ன சொல்வது? ஐந்து வருடம் உன்னைப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்றா? அதைச் சொல்லாமல் வேறு எதையும் சொல்ல முடியாது. அதைச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

2024 டிசம்பரில் கிழக்குக் கரையில் வெள்ளம். அதற்காக நிலையம் அந்த நாட்களில் நாலு முப்பத்தைந்துக்கே ஒரு சிறப்புச் செய்தி வைத்தது, வண்டியும் நாலு மணிக்கே படத்தை ஏற்றியது. முதல் வாரத்தில் ஒரு வியாழக்கிழமை, நாலு ஐந்துக்கு, ஹாலில் தண்ணீர் தரையிலிருந்து ஏறியது. அதுவரை மேலிருந்து விழுந்ததுதான் வழக்கம். பழுப்புத் தண்ணீர், குளிர்ந்தது, மூங்கில் இலைகளோடு. டிவி இருந்த சுவரடியிலிருந்து புறப்பட்டு வாசல் பக்கம் ஓடியது. ஜெயராஜ் வாசல் கதவைத் திறந்துவிட்டார். தண்ணீர் படிகளில் இறங்கி, மாடி மாடியாக விழுந்து, கார் நிறுத்துமிடத்துக்குப் போனது. குணவதி வீட்டில் இல்லை. ஒரு கல்யாணத்துக்குப் புடவை எடுக்க லிட்டில் இந்தியாவுக்குப் போயிருந்தாள். அவர் சோபாவின் மேல் ஏறி நின்று, தொழிற்சாலைப் பழக்கத்தில், பென்சிலால் சுவரில் கோடு போட்டார். நாலு பத்து: கணுக்கால். அதற்குப் பிறகு நாலு நிமிடத்துக்கு ஒரு விரல் வீதம் ஏறியது. கதவு திறந்திருந்தும் ஏறியது. எங்கோ அவள் இதே தண்ணீரில் நிற்கிறாள். நாலு இருபத்தாறிலிருந்து நிமிடத்துக்கு ஒரு விரல். நாலு முப்பத்தொன்றுக்கு நிமிடத்துக்கு மூன்று விரல். கோடுகளுக்கு நடுவில் இடைவெளி அகன்றுகொண்டே போவதைப் பார்த்தார்.

அவருக்கு அவளைத் தெரியும். நேரலைக்கு முன் நாற்பது நிமிடமும் முதல் வாக்கியத்தையே சொல்லிக்கொண்டு, கேமராவைத் தவிர எதையும் பார்க்க மாட்டாள். முதுகு வெள்ளத்தின் பக்கம் இருக்கும். ஒளிப்பதிவாளர் ஒரு கண்ணை மூடியிருப்பார். தண்ணீர் ஏறுவது அவர்களுக்குத் தெரியும், எவ்வளவு வேகமாக என்று தெரியாது. அவர்களிடம் சுவரும் பென்சிலும் இல்லை. அவர் குணவதியை அழைத்தார். மார்க்கெட் ஸ்ட்ரீட் புடவைக் கடை இரைச்சலில் அவள் எடுத்தாள்.

"நம்பர் குடு."

"எவ நம்பரு?"

"குணா, விளையாடாத. அவ நம்பரு."

"அவளுக்கு ஒரு பேரு வச்சமே. ஆறு வருசமாச்சு அந்தப் பேரு உங்க வாயில வந்து."

தண்ணீர் சோபாவின் இருக்கையைத் தொட்டது. "சுபாஷினி," என்றார் ஜெயராஜ். மறுபடியும், இன்னும் சத்தமாக, "சுபாஷினி நம்பரு குடு. தண்ணி முட்டிக்கு வந்துருச்சு." குணவதி ஃபோனை வைத்தாள். எண் வந்தது.

சுபாஷினி நிலையத்தின் அழைப்புக்காகக் காத்திருந்தாள். நேரலையில் நிலையத்தார் பேசுவது அவள் ஃபோனில்தான் வரும், அங்கிருந்து காதுக்கு. அதனால் எண்ணைப் பார்க்காமல் எடுத்தாள்.

"மேட்டுக்கு ஏறு," என்றது காதில் ஒரு குரல், தமிழில்.

"ஹலோ? யாரு?"

"பேசிட்டு நிக்காத. நிமிசத்துக்கு மூனு விரல் ஏறுது. இப்ப நாலு. வண்டி எங்க நிக்கிது?"

"...அப்பாவா?"

"வண்டி எங்க?"

"மேல, ரோட்டுல. அப்பா, எனக்கு இன்னும் மூனு நிமிசத்துல லைவ். லைன விடுங்க. எங்கேர்ந்து பேசறீங்க?"

"ஹால்லேர்ந்து. சோபா முங்கிருச்சு. உன் பின்னாடி என்ன இருக்கு?"

"பஸ் ஸ்டாப்பு."

"திரும்பிப் பாரு."

அவள் திரும்பினாள். ஹாலில் தண்ணீரின் சத்தம். ஜெயராஜின் ஃபோனில் ஒரு மூச்சு இழுக்கும் ஓசை, பிறகு மலாயில் யாரிடமோ கத்துவது. ஃபோன் அணையவில்லை. அவர் சோபாவின் கைப்பிடியில் ஏறி நின்றுகொண்டு, அடுத்த கோட்டைப் போடப் பென்சிலை வைத்தபடி காத்திருந்தார். தண்ணீர் தரையிலிருந்து இடுப்பளவு ஏறியது. அங்கேயே நின்றது. நாலு முப்பத்தேழுக்கு ஒரு விரல் இறங்கியது. நாலு நாற்பதுக்குத் தொடை, நாலு நாற்பத்தொன்றுக்குக் கணுக்கால், அதன் பிறகு ஈரத் தார்ச்சாலையின் வாசனை மட்டும். அவள் மேட்டுக்கு ஏறிவிட்டாள், கேமராவும் கூடவே ஏறிவிட்டது என்று அவருக்குப் புரிந்தது. அங்கே பஸ் நிறுத்தம் நாலு நாற்பத்து மூன்றுக்கு வெள்ளத்தோடு போனது. கூரை முதலில், பிறகு தூண்கள். ஹமீது ஈர லுங்கியோடு படியேறி வந்து, சோபாக் கைப்பிடியில் பென்சிலும் ஃபோனுமாக நின்றவரைப் பார்த்து, விளக்குமாற்றை எடுத்துத் தண்ணீரைத் தள்ளத் தொடங்கினார்.

அன்று நிலையம் அவளை அழைத்தபோதெல்லாம் லைன் வேறு அழைப்பில் இருந்தது. செய்தி வாசிப்பவர் ஐம்பது வினாடி புன்னகையோடு காத்திருந்துவிட்டு விளம்பரத்துக்குப் போனார். சுபாஷினிக்கு ஓர் எச்சரிக்கைக் கடிதம் வந்தது. அதை வாங்கிக்கொண்டு அவள் செய்த முதல் காரியம் அப்பாவை அழைத்துத் திட்டியது. என் லைவைக் கெடுத்துவிட்டீர்கள் என்றாள். உயிரைக் காப்பாற்றினதுக்கு இதுதான் மரியாதையா என்று அவர் கேட்டார். ஆறு வருடம் எங்கே போனது இந்த அக்கறை என்று அவள் கத்தினாள். எங்கேயும் போகவில்லை, நாலு பத்துக்கு டிவி முன்னால்தான் இருந்தது என்று அவரும் கத்திவிட்டார். சொன்ன பிறகுதான் சொல்லிவிட்டது தெரிந்தது. அவள் உப்புத் தண்ணீரைப் பற்றிக் கேட்டாள். கடித்த ஷூவைப் பற்றிக் கேட்டாள். குணவதி அடுப்படியிலிருந்து, "எல்லாம் என் வயிறுதான்!" என்று குரல் கொடுத்தாள். நாற்பது நிமிடம் பேசினார்கள் என்று ஃபோன் காட்டியது. அதில் பாதி சண்டை.

அதன் பிறகு அவள் நிற்கப் போகும் ஊரை அவளே முதல்நாள் சொல்லிவிடுகிறாள். ஜெயராஜ் ஹமீதுக்குச் சொல்கிறார், ஹமீது பாயைச் சுருட்டுகிறார். நிர்வாகக் குழு படிவத்தைப் புதிதாக அச்சடித்தபோது 'மகள்' என்று ஒரு பெட்டி சேர்க்கலாமா என்று பேச்சு வந்து, வேண்டாம், மற்றவையே போதும் என்று விட்டுவிட்டார்கள். 2025 ஏப்ரலில் நிறுவனம் பூட்டை மறுபடியும் மாற்றியது. அஸ்ஹர் பதறி அழைத்தான். போடட்டும் தம்பி என்றார் ஜெயராஜ்.

அந்த வருடம் அக்டோபரில் பினாங்கில் பதினேழு நாள் விடாத மழை. குடியிருப்பில் துணி காயவில்லை. பள்ளிச் சீருடைகளிலிருந்து பூஞ்சை வாசனை வந்தது. சுபாஷினியை மேற்கு ஆஸ்திரேலியாவின் உட்பகுதியில் வறட்சி பற்றிச் சொல்ல அனுப்பியிருந்தார்கள். டிஷ்ஷை ஒரு விரல் கிழக்கே திருப்ப வேண்டியிருந்தது. நாலு பத்துக்கு ஹாலில் நாற்பத்தொரு டிகிரி வெயிலின் காற்று, செம்மண் மணத்தோடு, கறுப்புத் திரைக்கு முன்னிருந்து வீசத் தொடங்கியது. குணவதி கதவைத் திறந்து வைத்திருந்தாள். எட்டு வீட்டார் கூடைகளோடு ஏறி வந்து, ஜெயராஜ் கட்டிய கயிறுகளில் துணி போட்டார்கள். சட்டைகள் பதினைந்து நிமிடத்தில் காய்ந்தன, ஜீன்ஸ் அரை மணியில். ஐந்து மணிக்குச் சுபாஷினி தன் ஒன்றரை நிமிடத்தைச் சொல்லி முடித்தாள். ஒளிப்பதிவாளர் வயர்களைச் சுருட்டக் குனிந்தபோது அவள் ஃபோன் அடித்தது.

"பாய் வீட்டு பெட்ஷீட் ஓரம் இன்னும் ஈரமா இருக்கு," என்றார் ஜெயராஜ். "தடிச்ச துணி."

"எவ்ளோ நேரம்ப்பா?"

அவர் கையால் தொட்டுப் பார்த்தார். "பத்துப் பன்னெண்டு நிமிசம்."

வண்டியை அணைக்க வேண்டாம் என்று அவள் ஒளிப்பதிவாளரிடம் சொன்னாள். எதற்கு என்று அவர் கேட்டார். பெட்ஷீட் என்றாள். அவர் தோளைக் குலுக்கிக்கொண்டு நிழலுக்குப் போனார். சுபாஷினி தொப்பியைச் சரிசெய்துகொண்டு, பேசுவதற்கு எதுவும் இல்லாமல், கேமராவைப் பார்த்தபடி வெயிலில் நின்றாள். பெட்ஷீட் பதினோராவது நிமிடம் காய்ந்தது. அவள் இன்னும் ஒரு நிமிடம் நின்றாள்.